தக்காளி வண்டியைவிடக் கனமான கார்: எடைமேடையில் கண்டதும் நீங்கள் கண்டதும்

எடைமேடைக்காரர், கொழிஞ்சாம்பாறை

வேலந்தாவளம் சாலையில் பதினெட்டு ஆண்டுகளாக எடைமேடை நடத்துகிறேன். தக்காளி, தேங்காய், மாட்டுத் தீவனம், எம்-சாண்ட் என எல்லாம் ஏறி இறங்கும் இடம். வண்டி மேடையில் ஏறும்போதே காலி எடையை ஐம்பது கிலோ முன்னே பின்னே சொல்லிவிடுவேன் என்று ஒரு கர்வம் இருந்தது. போன மாதம் அது போய்விட்டது.

கோயம்புத்தூரிலிருந்து நெல்லியாம்பதிக்குப் போகும் வழியில் இரண்டு இளைஞர்கள் நிறுத்தினார்கள். பி.எம்.டபிள்யூ. எம்5, புதியது. தரையோடு தரையாக, பாயப் போகிற புலிபோல நின்றது. எவ்வளவு இருக்கும் என்று அவர்களுக்குள் பந்தயம். என்னையும் கேட்டார்கள். 1,700 என்றேன், அதுவே அதிகம் என்ற நினைப்பில். திரையில் 2,500-ஐத் தாண்டி நின்றது! ஓட்டுநர் உள்ளே இருந்தார், உண்மைதான். ஆனால் அவர் ஒல்லி.

அதற்கு முன் இறங்கிய தக்காளி பிக்கப்பின் காலி எடை 1,720. தக்காளிக்காரர் தன் எடைச் சீட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாரம் சுமக்கிற வண்டி இளைத்துப்போச்சு, ஆள் சுமக்கிற வண்டி கொழுத்துப்போச்சு" என்றார். ஏன் இப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதுபோலப் பார்த்தவர்களும் எழுதுங்கள்.

பட்டறைக்காரர், சித்தூர்

அண்ணா, கதவைக் கழற்றிப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். பழைய மாருதி 800-இன் கதவில் தகடு, கண்ணாடி, கையால் சுற்றும் பிடி, அவ்வளவுதான். முழுக் காருமே 650 கிலோ அளவில்தான் இருந்தது. இன்றைய கதவுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்க ஒரு இரும்புத் தண்டு, கண்ணாடிக்கு மோட்டார், பூட்டுக்கு மோட்டார், ஒலிபெருக்கி, சத்தம் தடுக்க ஒட்டிய பட்டை, கை தடிமனில் வயர் கட்டு. இருக்கையைக் கழற்றினால் அதற்குள்ளும் மோட்டார், காற்றுப்பை. ஆளே இல்லாத இருக்கையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்க்கப் போகிறவன் நான். அந்தத் திடலுக்குப் பெயர் தந்த கரிவரதன் கோவையில் மாருதி 800 இன்ஜினை வைத்தே பந்தய வண்டி செய்தவர். 796 சி.சி. இன்ஜின் அப்படிப் பறந்ததற்கு அந்த வண்டியில் வேறெதுவும் இல்லாததே காரணம். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே கதை. 1973-இன் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ்., அதன் இலேசான வடிவத்தில், ஒரு டன்னுக்கும் குறைவு. இன்றைய 911 ஒன்றரை டன். 1996-இன் லோட்டஸ் எலீஸ் 725 கிலோ அளவு. அதே நிறுவனத்தின் இன்றைய எமிரா 1,400. இலேசான கார் என்றே பெயர் வாங்கிய வீட்டிலும் இதுதான் நிலை.

கள் வண்டி ஓட்டுநர், மீனாட்சிபுரம்

கார்காரர்களுக்கு எடை கூடினால் பெட்ரோல் செலவு. எங்களுக்கு வயிற்றுப்பாடு. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை இவ்வளவு என்று எழுதியிருக்கும். அதில் காலி எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் லோடு. வண்டி நூறு கிலோ கூடினால் என் கேனில் நூறு கிலோ குறையும். மீறி ஏற்றிப் பிடிபட்டால் இருபதாயிரம் ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு இரண்டாயிரம். கள்ளும் காத்திருக்காது. விடிவதற்குள் தோப்பிலிருந்து கிளம்பாவிட்டால் கடைக்குப் போய்ச் சேரும்போது புளித்திருக்கும்.

என் முதல் வண்டி குட்டி யானை, 2006-இல் வாங்கியது. இரண்டு சிலிண்டர், 700 சி.சி. அளவு. அதன் எடை எண்ணூறு கிலோ, ஏற்ற அனுமதி 750. தன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் சுமக்கும் பிராணி அது. கேபினுக்குள் வெயிலில் வெந்தேன், மழையில் நனைந்தேன், அது வேறு கதை. இப்போது எங்கள் பக்கத்து எஸ்டேட் முதலாளி டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வாங்கியிருக்கிறார். காலி எடையே இரண்டு டன்னுக்கு மேல், தன் எடையில் பாதிகூடச் சுமக்காது. அதில் தினமும் போவது இரண்டு வாழைத்தாரும் ஒரு நாயும். அந்த நாயைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கோபாலபுரத்துக்காரன், இப்போது சென்னை

வாகன வடிவமைப்பில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எடை தனியாக வராது, உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரும். மோதல் பாதுகாப்புக்காகச் சட்டகத்தை வலுப்படுத்தினால் நிறுத்துவதற்குப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக்கை உள்ளடக்கப் பெரிய சக்கரம். அதைத் தாங்க முரட்டு சஸ்பென்ஷன். இத்தனையையும் இழுக்க அதிக சக்தி, அந்தச் சூட்டைத் தணிக்கப் பெரிய ரேடியேட்டர். பிறகு மறுபடி பிரேக்கிலிருந்து கணக்கு தொடங்கும்.

எம்5 கதை இன்னும் ஒரு படி மேல். 1980-களின் முதல் எம்5 சுமார் 1,430 கிலோ. இப்போதையதில் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினும் உண்டு, மின் மோட்டாரும் பேட்டரியும் உண்டு. தயாரிப்பாளர் சொல்லும் எடையே 2,435, ஓட்டுநர் இல்லாமல். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கும். ஒரு கிலோ பேட்டரித் தொகுப்பில் அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. மோட்டார் ஆற்றலை வீணாக்காமல் செலவழிப்பதால் பள்ளம் ஓரளவு நிரம்பும், முழுதாக நிரம்பாது. இரண்டையும் சேர்த்துச் சுமக்கும் வண்டி இரண்டு குடும்பச் செலவு செய்கிறது.

சிறு பிக்கப் பெருத்ததற்கு அமெரிக்கச் சட்டமும் ஒரு காரணம். அங்கே எரிபொருள் சிக்கன இலக்கை நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்து நிர்ணயிக்கிறார்கள். பரப்பு பெரிதானால் இலக்கு தளரும். சிறிய வண்டி செய்தவருக்குக் கடுமையான தேர்வு, பெரிய வண்டி செய்தவருக்கு எளிய தேர்வு. இறக்குமதி பிக்கப்புக்கு 1964 முதல் 25 சதவீத வரி வேறு. ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பின் சிறிய வடிவம் அங்கே 2011-இல் நின்றது. 2019-இல் அதே பெயரில் திரும்பி வந்தது பெரிய உடம்பு. சிக்கனத்துக்காகப் போட்ட சட்டம் வண்டியைப் பெருக்கவைத்ததை எண்ணினால் எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

தமிழ் டீச்சர், வாளையார்

எல்லாரும் கனத்தைத் திட்டுகிறீர்கள். 1998-இல் என் சித்தப்பா இலேசான பழைய காரில் கஞ்சிக்கோடு அருகே லாரியில் மோதினார். ஸ்டீயரிங் தண்டு நெஞ்சில் இடித்தது. ஆறு மாதம் படுக்கை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே சாலையில் நான் மோதினேன். காற்றுப்பை விரிந்தது, முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது, நான் இறங்கி நடந்தேன். இந்தியாவில் புதிய மாடல் கார்களுக்கு முன், பக்க மோதல் சோதனை 2017 அக்டோபரில்தான் கட்டாயமானது. கதவுக்குள் இருக்கும் அந்த இரும்புத் தண்டும் காற்றுப்பையும் எத்தனை கிலோ ஆனாலும் எனக்குச் சம்மதம்.

கோபாலபுரத்துக்காரன், இப்போது சென்னை

டீச்சர், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்களைக் காப்பாற்றியது நொறுங்க வேண்டிய இடத்தில் நொறுங்கும் கட்டமைப்பு. வெறும் கனம் காப்பாற்றாது. கனமான காரும் இலேசான காரும் மோதினால் அடி இலேசானதற்குத்தான். உங்கள் எதிரில் இரண்டரை டன் வந்திருந்தால்?

டயர் கடை, கொழிஞ்சாம்பாறை

எம்5-க்கு முன்னால் 20 அங்குலம், பின்னால் 21. என் கடையில் இல்லை. பஞ்சரானால் கோவைக்குத்தான் தூக்கிப் போக வேண்டும்.

எடைமேடைக்காரர், கொழிஞ்சாம்பாறை

பட்டறைக்காரத் தம்பி நேற்று இரண்டு கதவுகளைக் கொண்டுவந்து காட்டினார். மாருதி 800-இன் கதவை ஒரு கையால் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டேன். புதியதைத் தூக்கப் போனபோது, இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று தம்பியே தடுத்துவிட்டார்.

கள் வண்டிக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இனி உங்கள் காலி எடையை இலவசமாகப் பார்த்துத் தருகிறேன். எம்5-இன் எடைச் சீட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, தக்காளிக்காரர் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறார். அன்றைக்கு அந்த இளைஞர்களின் போனில் சிக்னல் இல்லை. நெல்லியாம்பதியிலிருந்து திரும்பும்போது தருகிறோம் என்றார்கள். எடைக்கூலி எண்பது ரூபாய் இன்னும் வரவில்லை.