நந்தினி நிச்சயம் 💐 குடும்பக் குழு

கௌதம்: அத்தைக்கு டிக்கெட் பார்த்துட்டேன். நியூயார்க் டு சிங்கப்பூர் நேரா. வெள்ளி ராத்திரி 10.30க்குக் கிளம்புது, 18 மணி 40 நிமிஷம்

வசந்தா: 🙏🙏

ரேவதி: சனி சாயங்காலம் 6க்கு நிச்சயம். வந்துருவாங்கல்ல?

கௌதம்: 5 மணி சுமாருக்கு இறங்கிடுவாங்க. ஏர்போர்ட்ல இருந்து நேரா மண்டபம்

முரளி: டேய், அது நியூயார்க் 5 மணி. சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னாடி. இங்க ஞாயிறு விடிகாலை ஆயிடும்

ரேவதி: என்னது

தேவி: 😳

வசந்தா: போன வருஷம் நான் இங்கருந்து ராத்திரி 12க்கு ஏறி காலைல 6க்கு அங்க இறங்கினேனே. ஆறே மணி நேரம்

தேவி: அக்கா ராக்கெட்ல போயிருக்கீங்க

முரளி: அக்கா, நீங்களும் 18 மணி நேரம்தான் பறந்தீங்க. போறப்ப கடிகாரம் 12 மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும், வர்றப்ப பிடுங்கிக்கும். தூரம் சுமார் 15,300 கி.மீ. உலக உருண்டைல ரெண்டு ஊருக்கும் நூல் பிடிச்சா வட துருவத்தை ஒட்டிப் போகும். ஆனா பிளேன் அந்த வழியாத்தான் போகணும்னு இல்ல. உயரத்துல மேற்கிலருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து. அது முதுகுல தள்ளினா சுத்து வழியும் சீக்கிரம். அதனாலதான் இங்கருந்து நியூயார்க் போறப்ப பசிபிக் மேல போவான். வெறும் கிலோமீட்டரை வேகத்தால வகுத்தா நேரம் வராது

வசந்தா: நூல் எதுக்கு

குமார்: மாமா ரிட்டயர் ஆனாலும் ஆனாரு

ரேவதி: கௌதம் வியாழனுக்கு மாத்து

லதா: வியாழன் எனக்கு லீவு இல்ல அண்ணி. பிராங்பர்ட் வழியா வந்தா?

முரளி: அது இன்னும் லேட்டு

கௌதம்: நேரா வர்றதுல எகானமியே கிடையாது. பிரீமியம் எகானமி, பிசினஸ் மட்டும்தான்

வசந்தா: ஓ

லதா: நான் ஒண்ணும் பிரீமியம் கேக்கல

வசந்தா: குமார் கல்யாணத்துக்கும் மறுநாள்தான வந்த

லதா: பனிப்புயல் அண்ணி. எத்தனை தடவை சொல்றது

வசந்தா: பனி உன் வீட்டுக்கு மட்டும்தான் பெஞ்சுது போல

குமார்: அம்மா விடுங்க

முரளி: இன்னொண்ணு. நவம்பர் முதல் ஞாயிறு அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாங்க. அப்புறம் வித்தியாசம் 13. நிச்சயம் எந்த மாசம்?

ரேவதி: அக்டோபர் அண்ணா!! பத்திரிகையே நீங்கதான அடிச்சீங்க

தேவி: 😂😂

நந்தினி: அத்தை இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்

தேவி: ஞாயிறு வச்சுக்கிட்டா?

ரேவதி: மண்டபம் கிடைக்காது

வசந்தா: ஒருத்திக்காகவா

கௌதம்: இருங்க. நியூயார்க் பக்கத்துல நெவார்க் ஏர்போர்ட்ல வெள்ளி காலைல கிளம்புறது இருக்கான்னு பாக்குறேன். 10 மணின்னா இங்க சனி சாயங்காலம் 5க்குள்ள

முரளி: இமிக்ரேஷன், பெட்டி, ஒரு மணி நேரம் சேர்த்துக்கோ

லதா: வெள்ளி லீவு கேட்டுச் சொல்றேன். அங்க 6ங்கிறதை 7 ஆக்க முடியுமா?

ரேவதி: மாப்பிள்ளை வீட்டுல கேக்கணும்

கௌதம்: ஏர்போர்ட்டுக்கு யாரு போறது?

தேவி: குமார்?

நந்தினி: குமார் அண்ணா பார்த்துட்டாரு, நீல டிக் வந்துருச்சு