மேக்பத்தும் மனைவியும் விலகத் தொடங்குவது எந்தக் காட்சியில்?

கரும்பலகை:
ஷேக்ஸ்பியரின் ‘மேக்பத்’ நாடகத்தில் கணவனும் மனைவியும் குணம் மாற்றிக்கொள்கிறார்கள் என்றுதான் எல்லா நோட்ஸிலும் இருக்கிறது. முதலில் அவன் தயங்குகிறான், அவள் கல்நெஞ்சுக்காரி, கடைசியில் தலைகீழ். ஆனால் விருந்துக் காட்சியில்கூட அவள்தானே நிலைமையைச் சமாளிக்கிறாள்? 5ஆம் அங்கத்தில் திடீரென்று தூக்கத்தில் நடக்கிறாள். நடுவில் என்ன ஆயிற்று? வசனத்தில் ஆதாரம் உண்டா, நாமாக இட்டுக்கட்ட வேண்டியதுதானா?

ஏட்டுச்சுவடி:
ஆதாரம் உண்டு. சின்னச் சின்ன வரிகளாகக் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை.

மன்னர் டங்கனைக் கொன்று மேக்பத் அரசனாகிவிட்ட பிறகு வரும் 3ஆம் அங்கம் 2ஆம் காட்சியின் தொடக்கத்தைப் பாருங்கள். மேக்பத்தின் சக தளபதி பாங்க்வோ போய்விட்டாரா என்று அரசி ஒரு வேலையாளிடம் விசாரிக்கிறாள். பிறகு, அரசருக்கு ஒழிந்த நேரம் இருந்தால் ஓரிரு வார்த்தை பேச வேண்டும் என்று அவனிடமே சொல்லி அனுப்புகிறாள். கட்டிய கணவனிடம் பேச ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது! முதல் அங்கக் கடிதத்தில் அவளைத் தன் உயர்வில் பங்காளி என்று எழுதியவன் அவன் (நம்மூர்ப் பங்காளி அல்ல).

வேலையாள் போனதும் தனியாக, எல்லாம் செலவழித்தும் கைக்கு எதுவும் வரவில்லை என்கிறாள். அவன் வந்தவுடன் அதை விழுங்கிவிட்டு, நடந்தது நடந்ததுதான் என்று தேற்றுகிறாள். அவனோ முந்தின காட்சியிலேயே பாங்க்வோவைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்துவிட்டான். அதைச் சொல்லாமல், முடிந்த பிறகு பாராட்டு, அதுவரை தெரியாமலே இரு என்கிறான். அவள் துக்கத்தை மறைக்கிறாள், அவன் திட்டத்தை மறைக்கிறான். விரிசல் 2:3இலேயே (2ஆம் அங்கம், 3ஆம் காட்சி) விழுந்துவிட்டது. டங்கனின் காவலர் இருவருக்கும் மது ஊற்றிக் கொலைப் பழியை அவர்கள்மேல் போடுவதுதான் இருவரும் பேசிய திட்டம். அவர்களையும் கொன்றது அவன் தனியாக எடுத்த முடிவு. அதை அவன் எல்லார் முன்னாலும் விவரிக்கும்போதுதான் அவள் மயங்குகிறாள்.

திரைமறைவு:
அந்த மயக்கம் நிஜமா நடிப்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நிஜம் என்று வைத்துக்கொண்டால் பின்பாதி தானாகப் பொருந்தும் என்பது என் கட்சி.

‘கல்நெஞ்சுக்காரி’யை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. 1:5இல் இரக்கம் நுழையும் வழியை அடைக்கச் சொல்லி ஆவிகளைக் கூப்பிடுகிறாள். இல்லாத இரக்கத்துக்கு எதற்கு அடைப்பு? 2:2இல் தைரியத்துக்குக் குடித்திருக்கிறாள். தூங்கும் டங்கன் தன் அப்பா ஜாடையில் இல்லாவிட்டால் தானே முடித்திருப்பேன் என்கிறாள். நடிகை முதல் அங்கத்திலேயே அரக்கியாக உறுமினால் 5:1 ஒட்டவே ஒட்டாது.

விருந்துக் காட்சியில் ‘நீ ஆண்தானா’ என்ற பழைய ஆயுதத்தை மறுபடி எடுக்கிறாள். 1:7இல் வேலை செய்தது, இங்கே பலிக்கவில்லை. அவன் காணும் பாங்க்வோவின் பேய் அவளுக்குத் தெரியாது. விருந்தினர் போனபின் ஒரு வார்த்தை திட்டுவதில்லை. உங்களுக்குத் தூக்கம் வேண்டும் என்பதோடு சரி. பல மேடைகளில் இதை அவசரமாக ஓட்டிவிடுகிறார்கள். அவள் ஓய்ந்துபோவதை நாம் நேரில் பார்ப்பது இங்கேதான்.

ஏட்டுச்சுவடி:
சரியாகச் சொன்னீர்கள். தேர்வுத் தாள்களில் வரும் இன்னொரு தவறு: குற்றவுணர்ச்சி அவளை மட்டும் தின்றது என்று எழுதுவது. முதலில் தூக்கத்தை இழந்தவன் அவன். ‘ஆமென்’ சொல்ல வாய் வராமல் 2:2இல் நடுங்குகிறான். கறையைக் கழுவக் கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள் அவள். அவனுக்கு உறுத்தல் உடனே வருகிறது, அடுத்த கொலையால் அதை அமுக்குகிறான். 5:5இல் பயத்தின் ருசியே மறந்துபோயிற்று. அவளுக்குத் தள்ளி வருகிறது, அமுக்க வழியில்லை. தற்கொலை என்றும் அடித்து எழுதாதீர்கள்; மேடையில் அது நடப்பதில்லை, அப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் கடைசியில் டங்கனின் மகன் மால்கம் சொல்கிறான்.

கரும்பலகை:
அப்படியானால் 4ஆம் அங்கத்தில் அவள் எங்கே?

திரைமறைவு:
ஒரு வரிகூட இல்லை. ஃபைஃப் பிரபு மக்டஃபின் மனைவி மக்களைக் கொல்ல மேக்பத் முடிவெடுக்கும்போது அவளைக் கேட்கவே இல்லை. 5:1இல் ‘ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே, எங்கே?’ என்று அவள் புலம்புவதை அதோடு சேர்த்துப் படியுங்கள். அதே காட்சியில் தோழி மருத்துவரிடம் சொல்வதையும் விட்டுவிடாதீர்கள்: அரசர் படையோடு போனதிலிருந்து இவள் தூக்கத்திலேயே எழுந்து, தாள் எடுத்து, எழுதி, படித்து, முத்திரையிட்டு, திரும்பப் போய்ப் படுக்கிறாள். யாருக்கு எழுதுகிறாள் என்று நாடகம் சொல்வதில்லை.