கணவாய் விலை ஏறக் காரணம் கடலா, கப்பலா?

நீரோட்டம்:
ஜப்பானில் 1996-இல் அங்கே அதிகம் பிடிக்கும் வகையான சுருமே கணவாய் 4 லட்சம் டன்னுக்கு மேல் கிடைத்தது. 2018-இல் 50,000 டன்கூடத் தேறவில்லை. விலை ஏறாமல் என்ன செய்யும்? சீனக் கப்பல்கள் அள்ளிப் போவதால்தான் இந்தச் சரிவு என்கிறார்கள். ஆனால் எல்லாப் பழியையும் அவற்றின்மேல் போடுவது சரியில்லை. கிழக்குச் சீனக் கடலில் முட்டையிடும் இடங்களில் நீரின் சூடு மாறினால் குஞ்சுகள் தப்பாது.

தூண்டில்காரன்:
சூடு மட்டும்தானா? வட கொரியாவுடன் மீன் வியாபாரத்துக்கு ஐ.நா. விதித்த தடையை மீறி 2017, 2018 இரண்டு வருடமும் நூற்றுக்கணக்கான சீனக் கப்பல்கள் வட கொரியக் கடலில் புகுந்தன. அள்ளியது 1.6 லட்சம் டன்னுக்கு மேல், மதிப்பு சுமார் 44 கோடி டாலர் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2020-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஜப்பானும் தென் கொரியாவும் பிடிப்பது அதே கணவாயைத்தான்.

நீரோட்டம்:
சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டதே! அர்ஜென்டினாவுக்குக் கிழக்கே, கப்பல்களுக்கு உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்தும் ஃபாக்லாந்து தீவுகளைப் பாருங்கள். அங்கே இலெக்ஸ் என்ற வகைக் கணவாய் 2015-இல் 3 லட்சம் டன்னுக்கு மேல், அடுத்த வருடம் சில ஆயிரம் டன். பிறகு மெல்ல ஏறியது. ஒரே வருடம் வாழும் உயிர், ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும்.

தூண்டில்காரன்:
ஒரே வருடம் வாழ்கிறது என்பதுதான் ஐயா என் பயமே. மற்ற மீன்களில் மூத்த தலைமுறை கொஞ்சம் மிஞ்சும். இதில் முட்டையிடும் முன் பிடித்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு விதையே கிடையாது.

விலைக்கணக்கு:
இருவரும் கணவாயை ஒரே சரக்காகப் பேசுகிறீர்கள். தென் அமெரிக்காவின் பெரு நாட்டு ராட்சதக் கணவாய் சதையில் அம்மோனிய உப்பு இருப்பதால் புளிப்பும் கசப்பும் தட்டும். பதப்படுத்தித்தான் விற்க வேண்டும், அதனால் மலிவு. ஜப்பானில் சொந்தக் கணவாய் குறைந்தபோது ஆலைகள் இதையும் நாடின. பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நினோ 2023-24-இல் வந்தபோது பெருவிலும் வரத்து விழுந்தது. ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் வாங்கிச் சமாளிக்கும் வழி அப்போது அடைபட்டது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

நீரோட்டம்:
அது நியாயம். கப்பலுக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஃபாக்லாந்தில் லோலிகோ என்ற இன்னொரு வகைக் கணவாய்க்குச் செய்வதுபோல, பருவம் நடக்கும்போதே கணக்கெடுத்து, கடலில் மிஞ்சும் கணவாய் 10,000 டன்னுக்குக் கீழே இறங்கும்போலத் தெரிந்தால் உடனே மூடலாம்.

தூண்டில்காரன்:
மூடலாம். ஆனால் அர்ஜென்டினாவின் 200 மைல் கடல் எல்லைக்கு வெளியே, இரவெல்லாம் விளக்கெரித்துத் தூண்டில் போடும் இடத்தில், கணவாய்க்கென்று பல நாடுகள் சேர்ந்து விதி வகுக்கும் வட்டார மீன்பிடி அமைப்பே கிடையாது. சீனா 2020 முதல் தானாக அறிவிக்கும் மூன்று மாத மீன்பிடி ஓய்வு அதன் கப்பல்களுக்கு மட்டும். மற்ற நாட்டுக் கப்பல்களை யார் நிறுத்துவது?