டிஎஸ்224+: இரண்டு போர்ட் இருந்தால் 2 கிகாபிட்டா?

வட்டு வாத்தியார்: வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் சினாலஜி டிஎஸ்224+ பெட்டியை வாங்கலாமா என்று ஒருவர் கேட்டால், "பின்னால் இரண்டு லேன் போர்ட், சேர்த்தால் 2 கிகாபிட்" என்று மாடிவீடு அடித்து விடுகிறார். எரிச்சலாக இருக்கிறது. இரண்டு போர்ட்டையும் ஒன்றாகச் சேர்க்கும் லிங்க் அக்ரிகேஷனைப் போட்டாலும் ஒரு கணினியிலிருந்து போகும் ஒரு ஃபைல் ஒரே கேபிளில்தான் போகும். 1 கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி சொச்சம்தான். 2023-இல் வந்த பெட்டிக்கு இரண்டு 1 கிகாபிட் போர்ட்! போட்டி நிறுவனமான க்யூநாப்பின் டிஎஸ்-264-இல் இரண்டுமே 2.5 கிகாபிட். எச்டிஎம்ஐ வேறு.

மாடிவீடு: எஸ்எம்பி மல்டிசானல் என்று ஒன்று உண்டு, வாத்தியாரே. ஒரே ஃபைல் இரண்டு கேபிளிலும் போகும். பாடம் எடுப்பதற்கு முன் படித்துவிட்டு வாருங்கள்.

வட்டு வாத்தியார்: அதற்குக் கணினியிலும் இரண்டு போர்ட் வேண்டும், இல்லாவிட்டால் 1 கிகாபிட்டைவிட வேகமான ஒன்றாவது வேண்டும். இன்றைய லேப்டாப்பில் ஒன்றுக்கே வழியில்லை. ஆக, 2 கிகாபிட் இல்லை.

மாடிவீடு: நான் பெட்டியைச் சொன்னேன், உங்கள் லேப்டாப்பை இல்லை.

கறுப்புப்பெட்டி: 224+-இன் முன்பக்க யூஎஸ்பியைப் பற்றி யாராவது பேசுங்களேன். டிரைவைச் செருகி காப்பி பட்டனை அழுத்தினால் போதும். சினாலஜியின் சின்ன மாடலான டிஎஸ்223ஜெ-யில் யூஎஸ்பி இரண்டும் பின்னால். அலமாரியையே நகர்த்த வேண்டும்.

வட்டு வாத்தியார்: பட்டன் இருக்கட்டும். 1 கிகாபிட் போதுமென்றால் 2025-இல் டிஎஸ்225+-க்கு ஏன் ஒரு 2.5 போர்ட் வைத்தார்கள்?

மாடிவீடு: இன்னொன்று 1 தானே? அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். அந்த மாடலுக்குத்தான் முதலில் தங்கள் வட்டைத் தவிர வேறு போடாதே என்றார்கள். பிறகு பெட்டியின் இயங்குதளமான டிஎஸ்எம் 7.3-இல் இறங்கி வந்தார்கள்.

வட்டு வாத்தியார்: வட்டைப் பற்றி யார் கேட்டது? 2 கிகாபிட் இல்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

ஈதர்நெட் ஏகாம்பரம்: 224+-இன் யூஎஸ்பியில் 2.5 கிகாபிட் நெட்வொர்க் அடாப்டரைச் செருகினால் வேலை முடிந்தது.

வட்டு வாத்தியார்: டிஎஸ்எம் 7-இல் அதற்கு ஆதரவு இல்லை. யாரோ எழுதிய டிரைவரை நம்பி என் குடும்பப் படங்களை வைக்கவா? போன வருடம் நீங்கள் கைகாட்டிய ஸ்விட்சே இரண்டு மாதத்தில் புகைந்தது.

ஈதர்நெட் ஏகாம்பரம்: அதைக் காற்றே புகாத டிவி ஸ்டாண்டுக்குள் வைத்தது யார்?

கறுப்புப்பெட்டி: கேட்டவர் நேற்றே டிஎஸ்223 வாங்கிவிட்டார். அதில் ஒரே போர்ட்.

வட்டு வாத்தியார்: நல்லது. அவரிடமாவது மாடிவீடு 2 கிகாபிட் என்று சொல்ல முடியாது.

மாடிவீடு: மல்டிசானல் போட்டால் 2 தான்.