நிறுத்தி வைத்த வண்டி மேப்பில் நகருது: டிராக்கர் கோளாறா, வயரிங் கோளாறா?

முதுநகர் லோடு:
கடலூர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு மீன் ஏத்துற குட்டியானை. நாலு வயர் ஜிபிஎஸ் டிராக்கர். தகர ஷெட்டில் நிற்கும்போதே மேப்பில் 30, 40 மீட்டர் அலையுது. சாவி எடுத்த பிறகும் ‘இக்னிஷன் ஆன்’ காட்டுது. ஓடும்போது பெண்ணையாத்துப் பாலம் தாண்டி, வளைவில் கோடு ரோட்டை விட்டு வயலில் போகுது. மீன்பிடி தடைக்காலத்தில் வண்டி நின்னதில் பேட்டரி சுத்தமா இறங்கிடுச்சு. டிராக்கரையே மாத்தணுமா? தூரத்திலிருந்தே எஞ்சினை நிறுத்துற எஞ்சின் கட் ரிலே போடலாமா?

வயரிங் பட்டறை:
மாத்தாதீங்க. வளைவு விஷயம் தவிர மத்ததெல்லாம் ஏசிசி வயரால், அதாவது சாவி ஆனா ஆஃபான்னு டிராக்கருக்குச் சொல்ற வயரால் வருது. அது சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வர்ற லைனில் இருக்கணும். உங்களுக்கு நேரடி பேட்டரி லைனில் சேர்த்திருப்பாங்க. மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க: சாவி எடுத்ததும் 0 வரணும். சார்ஜர், ஆடியோ லைனில் கொடுக்காதீங்க, செல்ஃப் அடிக்கும்போது அது கட் ஆகும்.

சாவி ஆஃப்னு தெரிஞ்சால்தான் டிராக்கர் தூங்கும், கடைசி இடத்தையும் பிடிச்சு வைக்கும். இல்லாட்டி தகரத்தில் பட்டுத் திரும்புற சாட்டிலைட் சிக்னலையும் கணக்கில் எடுத்து இடத்தை மாத்தி மாத்தி அனுப்பும். 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 1.2 ஏஹெச் (ஆம்பியர்-மணி). தடைக்காலம் 61 நாளுக்கு 73 ஏஹெச். குட்டியானை பேட்டரி எப்படித் தாங்கும்?

ரூட் மேப்:
சாட்டிலைட் நேரத்தையும் தன் இடத்தையும் சொல்லும், அவ்வளவுதான். கணக்குப் போட்டு சிம் வழியா அனுப்புறது டிராக்கர். 30 செகண்டுக்கு ஒரு புள்ளின்னா 60 கி.மீ. வேகத்தில் புள்ளிக்குப் புள்ளி 500 மீட்டர் இடைவெளி. நடுவில் மேப் நேர்கோடு போட்டுடும், வயல் வந்தது அதனால்தான். 10 செகண்டா குறைங்க. 30 டிகிரி திரும்பினால் ஒரு புள்ளி அனுப்புற செட்டிங் இருந்தால் அதையும் ஆன் பண்ணுங்க. டேட்டா கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

வயரிங் பட்டறை:
ரிலே விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஓடுற வண்டியில் எஞ்சின் நின்னால், சில மிதியிலேயே பிரேக் பூஸ்டரில் இருக்கிற வேக்குவம் தீர்ந்து பெடல் கல்லாயிடும். போட்டே ஆகணும்னா ரிலேயில் 30, 87ஏ பின்னில் போடுங்க, கரண்ட் கொடுக்காதப்போ சேர்ந்தே இருக்கிற பின்கள் அவை. டிராக்கர் செத்தாலும் வண்டி நிக்காது. வேகம் 20 கி.மீ.க்குக் கீழே வந்தால் மட்டும் கட் ஆகுற மாதிரி செட் பண்ணணும்.

டிராக்கரோட சிவப்பு (பேட்டரி பிளஸ்) வயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரி பக்கத்திலேயே. கறுப்பை (எர்த்) பெயின்ட் சுரண்டின பாடி போல்ட்டில் இறுக்குங்க. முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட் எதையும் விடாதீங்க. துறைமுக உப்புக்காத்தில் பச்சை பூத்திடும். சால்டர் வெச்சு ஷ்ரிங்க் டியூப் போடுங்க.