பட்டுப்புழு, மலைத்தேனீ: கிட்ட இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டிலிருந்து:
எங்களுக்கு மல்பெரித் தோட்டம், புழு மனை இரண்டும் உண்டு. கூடு தருமபுரி அங்காடிக்குப் போகும். மனைக்குப் பின்னால் நிற்கும் ஆலமரத்தில், புங்கன் பூக்கும் சமயம் மலைத்தேனீ வந்து இறங்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற வீடு என்பதால் எழுதுகிறேன்.

பட்டுப்புழுவுக்கு எல்லாமே நம் கைதான். இலை ஓரடி தள்ளிக் கிடந்தாலும் தேடிப் போகாது. நான்கு முறை தோலுரிக்கும். அப்போது தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும், இலை போடக்கூடாது. நான்காவது தோல் கழன்றதும் பிடிக்கும் பாருங்கள் ஒரு பசி! மொத்தத் தீனியில் பெரும்பங்கு அந்த ஒரு வாரத்தில் போய்விடும், வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அப்புறம் சந்திரிகையில், அதாவது புழு கூடு கட்டும் தட்டில், விட்டால் இரண்டு மூன்று நாளில் கூடு, ஒரே இழையாக 1 கிலோமீட்டர்கூட வரும். கூட்டோடு விற்றுவிடுவதால் அந்துப்பூச்சியை நாங்கள் பார்ப்பது அரிது. ஓசூரில் முட்டை தயாரிக்கும் இடத்தில் பார்த்தேன். இறக்கை இருக்கிறது, பறக்கத் தெரியாது. தின்பதும் இல்லை. இணைசேர்ந்து நானூறு ஐந்நூறு முட்டை இட்டுவிட்டுச் சில நாளில் செத்துப்போகிறது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:
மலைத்தேனீ இதற்கு நேர் எதிர், அண்ணா. எங்கள் பக்கம் பாறை விளிம்புகளில் வரிசையாகத் தொங்கும். பெட்டியில் வளர்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. பெட்டிக்குப் பழகும் அடுக்குத்தேனீ, இருட்டுப் பொந்துக்குள் பல அடை கட்டும். இது வெட்டவெளியில் ஒரே அடைதான் கட்டும், அதுவே ஒரு மீட்டர் அகலம் போகும். தேனீக்களே அடைமேல் திரையாகப் படிந்திருக்கும். குளவி நெருங்கினால் வயிற்றை வரிசையாகத் தூக்கி அலை அலையாக அடிக்கும், தள்ளி நின்று பார்த்தால் அவ்வளவு அழகு! பூ தீர்ந்தால் அடையை விட்டுவிட்டுக் கூட்டமே கிளம்பிவிடும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து:
நான் மாந்தோப்புக்காரன். பூவில் தத்துப்பூச்சிக்கு மருந்தடித்தால் தேனீ சாகிறது, காற்று திரும்பி மல்பெரியில் பட்டால் புழு சாகிறது. பொழுது சாய்ந்த பிறகு அடித்தால் சரியாகுமா?

பாலக்கோட்டிலிருந்து:
புழுவுக்கு நேரம் எதுவானாலும் ஒன்றுதான், இலையில் பட்டால் போச்சு. எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் முன்கூட்டியே போன் செய்துவிடுவார், நாங்கள் இலையை அறுத்து ஈரச் சாக்குப் போட்டு மூடிவைப்போம். ஆனால் ஒரு நாளுக்குமேல் தாங்காது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:
அடுக்குத்தேனீ பொழுது சாய்ந்தால் கூட்டுக்குத் திரும்பிவிடும். மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் பூவுக்குப் போகும், அதனால் பௌர்ணமியை ஒட்டி அந்த வழி பலிக்காது.