ரகு மாமாவின் 38 கேசட்டுகள்

குழு: பாட்டி வீடு
சனிக்கிழமை

ரகு (காலை 9:14): 📷 படம்

ரகு: பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த பெட்டி. மொத்தம் 38 கேசட். எல்லாம் கல்லூரி நாளில் சேர்த்த மேல்நாட்டு ராக் இசை. அடுத்த மாதம் வீடு மாறுகிறோம், புது வீட்டில் பரண் கிடையாது. யாருக்காவது வேண்டுமா? இல்லையென்றால் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடுவேன்.

வசந்தி: போடாதே ரகு. அப்பா திட்டத் திட்ட நீ வாங்கியவை அவை.

சுதா: அண்ணா, மேல் வரிசையில் மூன்றாவது குயீன் குழுவின் கேசட்தானே? அதை எனக்கு எடுத்து வை.

கார்த்தி: மாமா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதிப் பெயர் எனக்கே தெரியவில்லை. கிராண்ட் ஃபங்க் ரெயில்ரோடு என்றால் யார்?

ரகு: அமெரிக்கக் குழு. 1971ல் நியூயார்க் ஷே மைதானத்தில் நடந்த கச்சேரிக்கு 72 மணி நேரத்தில் மொத்த டிக்கெட்டையும் விற்றவர்கள். அதே மைதானத்தில் 1965ல் பீட்டில்ஸ் வாசித்தபோதுகூட அவ்வளவு வேகமாக விற்கவில்லை.

கார்த்தி: பீட்டில்ஸை விட வேகமாகவா! பதினைந்து வருடமாக ராக் கேட்கிறேன், இந்தப் பெயர் ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை.

ரகு: அதுதான் எனக்கும் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். வாங்கிய அன்று எல்லாமே எனக்கு ஒன்றுதான். இன்று பார்த்தால் சில பெயர்களைப் பக்கத்து வீட்டுப் பையன் சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிறான். சில பெயர்களைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. இது எப்படி நடக்கிறது?

சுதா: நல்ல பாட்டு நிற்கும், மற்றது போகும். இதில் என்ன குழப்பம்?

ரகு: நானும் அப்படித்தான் நம்பினேன் சுதா. ஆனால் டேவ் கிளார்க் ஃபைவ் என்று ஒரு குழு இருந்தது. 1964 ஜனவரியில் பிரிட்டனில் பாட்டு விற்பனை வரிசையில் பீட்டில்ஸ் பாட்டை முதலிடத்திலிருந்து இறக்கியது அவர்கள்தான். அமெரிக்காவிலும் வரிசையாக வெற்றி. பாட்டும் நன்றாகத்தான் இருக்கும், டிரம்ஸ் இடி மாதிரி விழும். ஆனால் மூலப்பதிவு முழுக்க டேவ் கிளார்க் கையில். 70களின் கடைசியிலிருந்து 1993 வரை அவர் மறுபடி வெளியிடவே விடவில்லை. சி.டி. வந்து, ஊரே பழைய ஆல்பங்களைத் திரும்ப வாங்கிய காலம் அது. அப்போது கடையில் இவர்கள் இல்லை.

கார்த்தி: அதாவது கேட்கவே கிடைக்கவில்லை.

ரகு: ஆமாம். நடுவில் ஒரு தலைமுறை அப்படியே விட்டுப் போயிற்று. அதைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

வசந்தி: குக்கர் விசில். வருகிறேன்.

கார்த்தி: மாமா, அப்படிப் பார்த்தால் ரோலிங் ஸ்டோன்ஸ்தான் முதல் இடம். 1962ல் தொடங்கி இன்னும் நிற்கவில்லை. 2023ல் புது ஆல்பம் போட்டார்கள். புதிதாக எழுதிய பாட்டுகளோடு 18 வருடம் கழித்து வந்த ஆல்பம் அது. அந்த வருடம் பாடகர் மிக் ஜாகருக்கு 80 வயது.

ரகு: 2003ல் இங்கே பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது நான் போயிருந்தேன். உன் அத்தையும் வந்தாள். மேடைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கடல் மாதிரிக் கூட்டம். ஜாகர் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு ஓடுகிறார். 59 வயது அவருக்கு. என் ஜன்மத்தில் மறக்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர்கள் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் நாம் பார்க்கிறோமா, இல்லை நின்றுவிட்டாலும் பார்ப்போமா? லெட் செப்பலின் 1980ல் டிரம்மர் ஜான் பான்ஹாம் இறந்ததும் கலைத்துவிட்டார்கள். அப்புறம் அபூர்வமாக ஓரிரு மேடைதான். ஆனாலும் இன்றைக்கு கிட்டார் கற்கிற பிள்ளைகள் அவர்களைத்தான் வாசிக்கிறார்கள்.

கார்த்தி: சரி, அது நியாயம். ஆனால் இப்போது ஒரு டி.வி. தொடரில் வந்தால் போதும், பழைய பாட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. மெட்டாலிகா 1986ல் போட்ட பாட்டு ஒன்று 2022ல் ஒரு தொடரின் கடைசிக் காட்சியில் வந்தது. 36 வருடம் கழித்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தரவரிசையில் ஏறியது. 2011 அக்டோபர் 30, பெங்களூரில் அதே பாட்டுக்கு நான் கத்திய கத்தில் இரண்டு நாள் குரல் இல்லை. அன்றைக்கு என்னோடு நின்றவர்கள் எல்லாம் பல வருட ரசிகர்கள். இப்போது அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் அதைத் தொடர் பார்த்துத்தான் கண்டுபிடித்தான்.

சுதா: தொடரில் வருகிற எல்லாப் பாட்டும் நிற்கிறதா கார்த்தி? ஒரு மாதம் எல்லார் வாயிலும் இருக்கும், அப்புறம் காணாமல் போகும்.

யாழினி (10:02): டியூஷன் முடிந்தது. மேலே இருப்பதை எல்லாம் இப்போதுதான் படித்தேன். ரகு மாமா, பிங்க் ஃபிளாய்ட் இருக்கிறதா?

ரகு: இருக்கிறது யாழி. அதுதான் இந்தப் பெட்டியிலேயே அதிகம் தேய்ந்தது.

யாழினி: அப்படியென்றால் அது எனக்கு. பிளீஸ்.

கார்த்தி: யாழி, உண்மையைச் சொல். உன் வகுப்பில் நிர்வாணா என்ற குழுவின் சட்டையைப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு மூன்று பாட்டு தெரியும்?

யாழினி: அண்ணா, நானே சட்டையைத்தான் முதலில் வாங்கினேன். கடையில் அந்த மஞ்சள் சிரிப்பு முகம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்துதான் யார் என்று தேடினேன். அன்றிரவு முழுக்கக் கேட்டேன். நான் டிரம்ஸ் கற்க ஆரம்பித்ததே அவர்களுடைய டிரம்மர் டேவ் கிரோல் அடிப்பதைப் பார்த்துத்தான். மொத்தமே மூன்று ஸ்டுடியோ ஆல்பம், 1994ல் எல்லாம் முடிந்துவிட்டது, நான் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்னால். எந்த வாசல் வழியாக வந்தேன் என்பது ஏன் முக்கியம்?

கார்த்தி: கேட்டிருக்கக் கூடாது. நீ சொல்வதுதான் சரி.

சுதா: இனி என் குயீனுக்கு வருகிறேன். 1991 நவம்பரில் அவர்களுடைய பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இறந்த செய்தி வந்தபோது நான் பிளஸ் டூ. அந்த கிறிஸ்துமஸுக்கு ‘போஹிமியன் ராப்சடி’ பிரிட்டனில் மறுபடி முதலிடம். 1975 கிறிஸ்துமஸிலும் அதே பாட்டுதான் முதலிடம். ஏறக்குறைய ஆறு நிமிடப் பாட்டு, நடுவில் ஆபரா என்கிற இசை நாடகப் பாணி வேறு. வானொலியில் ஓடாது என்று சொன்னவர்கள் உண்டு.

யாழினி: அம்மா, அவர் பஞ்சகனியில் படித்தவர் என்று ஒரு முறை சொன்னாயே.

சுதா: ஆமாம். பிறந்தது சான்சிபாரில், பார்சி குடும்பம், இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. பஞ்சகனி விடுதிப் பள்ளியில் படிக்கும்போதே ஹெக்டிக்ஸ் என்று ஒரு குழுவில் பியானோ வாசித்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை, கிட்டாரிஸ்ட் பிரையன் மேயைப் பற்றி. 1977ல் ஒரு கச்சேரி முடிந்ததும் கூட்டம் தானாகச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு பேர் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது அவர்களால் என்னதான் செய்ய முடியும் என்று யோசித்தார். காலால் தரையை மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம். அதிலிருந்துதான் ‘வி வில் ராக் யூ’ பிறந்தது. டம் டம் டப். அதில் டிரம்ஸே கிடையாது யாழி, உனக்குத் தெரியுமா? மரப் பலகைமேல் காலால் மிதித்து, அதையே பல தடவை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்தார்கள்.

யாழினி: தெரியாது!! பள்ளி விளையாட்டு நாளில் கபடிக்கு நாங்கள் அதைத்தான் தட்டுவோம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள்கூடத் தட்டும். குயீன் என்று ஒரு குழு இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

சுதா: அதைத்தான் சொல்கிறேன். கேட்கிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போன பாட்டு அது.

ரகு: சுதா, இது எனக்குத் தோன்றவே இல்லை. கிராண்ட் ஃபங்க் கச்சேரிக்குப் போனவர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கையோடு எதையும் எடுத்துப் போகவில்லையோ?

கார்த்தி: ஆனால் பிங்க் ஃபிளாய்டுக்கு இது பொருந்தாதே சித்தி. அதைக் கேட்டுக் கூட்டமாகக் கை தட்ட முடியாது. இருட்டில் தனியாகக் கேட்கிற இசை அது. ஆனாலும் 1973ல் வந்த ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பம் 1988க்குள் அமெரிக்கத் தரவரிசையில் 741 வாரம் இருந்தது. 14 வருடத்துக்கும் மேல்.

ரகு: தனியாகக் கேட்பதும் ஒரு வேலைதான் கார்த்தி. இந்த கேசட்டை 1984ல் ஒரு கடையில் காலி கேசட் கொடுத்துப் பதிவு செய்து வாங்கினேன். எல்.பி. இசைத்தட்டு கடைக்காரரிடம் இருந்தது, ஒரு வாரம் காத்திருந்தேன். 60 நிமிட கேசட். எல்.பி.யின் முதல் பக்கம் ஏறக்குறைய 19 நிமிடம்தான். அதனால் முதல் பக்கத்தில் ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் குரலெடுத்துப் பாடி முடித்ததும் பத்து நிமிடத்துக்கு மேல் வெறும் ஸ்ஸ்ஸ் சத்தம். நான் அதை ஓட்டிவிட மாட்டேன். விளக்கை அணைத்துவிட்டு அந்த ஸ்ஸ்ஸையும் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். பிறகு எழுந்து பக்கம் மாற்றினால் கல்லாப்பெட்டிச் சத்தம், சில்லறை விழும் சத்தம். எனக்கு அந்த ஆல்பம் என்றால் அந்த இடைவெளியும் சேர்த்துத்தான்.

யாழினி: மாமா, அந்தக் கல்லாப்பெட்டிப் பாட்டைத்தான் நான் இப்போது பழகுகிறேன்! ‘மணி’, அதாவது பணம். ஆண்டு விழாவுக்கு நாங்கள் நான்கு பேர் வாசிக்கிறோம். ஆனால் அதன் தாளம் நாலு நாலாகப் போகவில்லை, ஏழு ஏழாகப் போகிறது. இரண்டு வாரமாகத் தடுமாறுகிறேன்.

வசந்தி (10:31): ஏழா? மிஸ்ர சாபு மாதிரியா?

யாழினி: அப்படியென்றால் என்ன பெரியம்மா?

வசந்தி: நம் கர்நாடக இசையில் ஒரு தாளம். மூன்றும் நாலும் ஏழு. தகிட தகதிமி, தகிட தகதிமி. பன்னிரண்டு வருடம் பாட்டுக் கற்றுக்கொண்டேன், இது கூடத் தெரியாதா? அந்தப் பாட்டை அனுப்பு.

யாழினி: 🔗 இணைப்பு

வசந்தி (10:40): 🎤 குரல் செய்தி (0:48)

யாழினி: பெரியம்மா!!! சரியாகப் பொருந்துகிறது!

வசந்தி: நடை கொஞ்சம் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. நம் பாட்டில் இப்படி இருக்காது. ஆனால் ஏழு ஏழுதான். நடுவில் கிட்டார் வரும்போது மட்டும் என் கை தவறுகிறது.

யாழினி: தவறவில்லை. சாக்ஸபோன் முடிகிற வரை ஏழு. கிட்டார் தனியாக வரும்போது நாலுக்கு மாறிவிடும். பிறகு மறுபடி ஏழு.

வசந்தி: அப்படியா! யார் இந்த விவகாரம் பிடித்த ஆட்கள்? ரகு, இத்தனை வருடம் நீ கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது இதையா? ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.

ரகு: அக்கா, சத்தம் என்று சொல்வாய் என நினைத்துவிட்டேன். கூப்பிட்டிருக்க வேண்டும்.

கார்த்தி: அம்மா மிஸ்ர சாபு போட்டு பிங்க் ஃபிளாய்ட் கேட்கிறாள். இந்தக் குரல் செய்தியை நான் பத்திரமாக எடுத்து வைக்கிறேன்.

சுதா: பார் கார்த்தி, அக்காவை எந்தத் தொடரும் தள்ளிவிடவில்லை. கைக்கு ஒரு கணக்கு கிடைத்தது, பிடித்துக்கொண்டாள். யாழியும் அப்படித்தான்.

கார்த்தி: ஒத்துக்கொள்கிறேன் சித்தி. தொடர் வாசல் வரை கூட்டி வரும். உள்ளே உட்கார வைப்பது வேறு ஏதோ ஒன்று. மாமா, அந்தப் பெட்டியைப் பழைய சாமான்காரருக்குப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2023ல் பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்ததே, அதுவும் ஒரு கேசட்டிலிருந்து வந்ததுதான். ஜான் லெனன் 70களின் கடைசியில் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே பாடிப் பதிந்தது. அவர் இறந்த பிறகு, 1995ல் குழுவின் மற்ற மூவரும் முடிக்கப் பார்த்தார்கள், பியானோ குரலை அமுக்கியதால் விட்டுவிட்டார்கள். பிறகு கணினியைப் பழக்கிக் குரலை மட்டும் தனியே பிரித்தார்கள். மூவரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் 1995ல் வாசித்து வைத்த கிட்டாரையும் சேர்த்தார்கள். பாட்டு வெளிவந்தபோது அவரும் உயிரோடு இல்லை.

ரகு: அதைக் கேட்டு அழுதேன். லெனன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருந்தது.

ரகு: சரி, யாருக்கும் போடவில்லை. அடுத்த சனிக்கிழமை காரில் வைத்துக் கொண்டு வருகிறேன். டேப் ரெக்கார்டரும் இருக்கிறது, பெல்ட் போய்விட்டது, இங்கே ஒருவர் மாற்றித் தருவதாகச் சொன்னார். இரண்டு மூன்று கேசட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஒன்றில் உள்ளே இருக்கும் பஞ்சு கழன்றுவிட்டது, ஒட்டிவிடலாம். யாழி, பென்சில் விட்டு நாடா சுற்றத் தெரியுமா?

யாழினி: தெரியாது. கற்றுக்கொடுங்கள். மாமா, ஒன்று கேட்கட்டுமா? முதல் பக்கத்தில் பத்து நிமிடம் காலி என்றீர்களே. நாங்கள் வாசிப்பதை அதில் பதியலாமா? உங்களுக்கு வருத்தம் என்றால் வேண்டாம்.

ரகு (11:06): அழிந்துவிடக் கூடாதென்று அன்றைக்கே கேசட்டின் மேல் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டேன். இனி அதில் பதியாது.

யாழினி: ஓ. சரி மாமா.

ரகு: பொறு, முடிக்கவில்லை. உடைத்த ஓட்டைமேல் செல்லோடேப் ஒட்டினால் பதியும். அந்தப் பெண் பாடி முடித்த பிறகு இரண்டு விநாடி விட்டுத் தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் பட்டனை அழுத்திவிடக் கூடாது. நானே பக்கத்தில் உட்கார்ந்து அழுத்துகிறேன்.

வசந்தி: சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள். தாளம் நான் போடுகிறேன்.